பட்டாயாவில் தம்பியைக் காணவில்லை. இங்கே புகார் வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி: தென்காசி பக்கம் எங்கள் ஊர். என் தம்பிக்கு 27 வயது. நண்பர்கள் இரண்டு பேருடன் தாய்லாந்துக்கு டூர் போனான். பட்டாயாவில் ஒருநாள் இரவு, பீச் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று ஓட்டலிலிருந்து கிளம்பியவன் திரும்பவில்லை. நண்பர்கள் இரண்டு நாள் தேடிவிட்டு, அங்கே போலீசிலும் சொல்லிவிட்டு, டிக்கெட் தேதி வந்துவிட்டதால் அவனுடைய பையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். இரண்டு வாரம் ஆகிறது. போன் சுவிட்ச் ஆஃப். தாய்லாந்து போலீஸ் விசாரித்து வருகிறோம் என்பதோடு சரி. தூதரகத்துக்கு மெயில் போட்டால், சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒருவரிப் பதில். உள்ளூர் ஸ்டேஷனில், ‘சம்பவம் அங்க நடந்திருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?’ என்கிறார்கள். யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்?

பதில்: உங்கள் கோபம் இப்போது தூதரகத்தின் மேலும் தாய்லாந்து போலீசின் மேலும் இருக்கிறது. இயல்புதான். ஆனால் இந்த விஷயத்தில் முதலில் அசைய வேண்டியது உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன். அங்கே ஒரு எஃப்.ஐ.ஆர். பதிவாகாதவரை மற்ற எந்த இடத்திலும் உங்கள் மனு வெறும் கடிதம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பட்டாயாவில் தேடும் அதிகாரம் தாய்லாந்து போலீசுக்கு மட்டுமே உண்டு. இந்திய போலீஸ் அங்கே போய் யாரையும் விசாரிக்க முடியாது, தூதரக அதிகாரிகளாலும் முடியாது. 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம், தன் நாட்டுக் குடிமக்களுக்கு உதவுவதைத் தூதரகத்தின் வேலையாகச் சொல்கிறது. அதே ஒப்பந்தம் அந்த நாட்டின் உள் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. கேட்கலாம், நினைவூட்டலாம், அழுத்தம் கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை.

ஆனால் தம்பியைப் பற்றிய தடயத்தில் பாதி இந்தியாவில்தான் இருக்கிறது. அவர் கொண்டுபோனது இந்திய சிம் என்றால், கடைசி நாட்களில் யார் யாரோடு பேசினார் என்ற ரோமிங் விவரம் இங்குள்ள நிறுவனத்திடம் இருக்கும். ஏ.டி.எம். கார்டு கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குத் தேய்க்கப்பட்டது என்பது இங்குள்ள வங்கியில் இருக்கும். டூர் ஏஜென்ட் இங்கே, கூடப் போன நண்பர்கள் இங்கே, பாஸ்போர்ட்டே இங்கே. இவற்றில் எதையும் வங்கியோ செல்போன் நிறுவனமோ உங்களிடம் தராது. விசாரணை அதிகாரி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91-ஆக இருந்த பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 94. அந்த அதிகாரி கேட்பதற்கு ஒரு வழக்கு எண் வேண்டும். தாய்லாந்து போலீசுக்குக் கிடைக்காத தகவல் தென்காசியிலிருந்து போனால், அங்கே தூங்கும் ஃபைலும் நகரும்.

சம்பவம் வெளிநாட்டில் நடந்தது என்பது புகாரை மறுக்கக் காரணம் ஆகாது. தமிழ்நாட்டில் ‘மேன் மிஸ்ஸிங்’ என்று எஃப்.ஐ.ஆர். போடுவது வழக்கமான நடைமுறை. வீட்டிலிருந்து கிளம்பிய ஆள் திரும்பவில்லை, அவ்வளவுதான் புகார். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதிப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4) அந்த வழியைத் தருகிறது. அதிலும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட். ஒரு எச்சரிக்கை: வழக்கு கனமாகத் தெரிய வேண்டும் என்று தெரியாததை எல்லாம் சேர்த்து எழுதாதீர்கள். கடத்திவிட்டார்கள் என்று இன்று எழுதி, அதற்கு ஆதாரம் இல்லை என்று நாளை வந்தால், அதையே காட்டி ஃபைலை மூடுவார்கள்.

நண்பர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது, ஒரே ஊர்க்காரர்கள் வேறு. அவர்கள்மேல் சந்தேகம் இருக்கிறதா இல்லையா என்பது இப்போது கேள்வி அல்ல. கடைசியாகப் பார்த்த சாட்சிகள் அவர்கள்தான். நாள் போகப் போக ஞாபகம் கலங்கும், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாகிவிடும். ஆகவே இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, அந்த நாள் காலையிலிருந்து நடந்ததை மணி வாரியாக எழுதட்டும். என்ன சட்டை போட்டிருந்தார், குடித்திருந்தாரா, யாரோடாவது தகராறா, பணத்தகராறா, எதையும் மறைக்க வேண்டாம். போனில் இருக்கும் போட்டோ, வாட்ஸ்அப் குரூப் எதையும் அழிக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பையைத் துவைக்காமல், அடுக்காமல், அப்படியே போலீசில் ஒப்படைத்துப் பட்டியல் எழுதி வாங்குங்கள். அவருடைய சீப்பு, பிரஷ் அதில் இருந்தால் டி.என்.ஏ.வுக்கு உதவும்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம். வெளிநாட்டில் இந்தியக் குடிமகன் செய்த குற்றத்தை இந்தியாவில் விசாரிக்கலாம் (பி.என்.எஸ்.எஸ். 208, வழக்கை நீதிமன்றம் விசாரிக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், புலனாய்வு தொடங்க அது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் சொல்லியிருக்கிறது). செய்தது அந்நிய நாட்டவர் என்றால், பாதிக்கப்பட்டவர் இந்தியர் என்பதற்காக மட்டும் பொதுவாக நம் நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. பிரான்சில் அப்படி இல்லை. 2018 ஜூலையில் ஜப்பானின் நிக்கோ நகரில் ஒரு பிரெஞ்சுப் பெண் காணாமல்போனார். பாஸ்போர்ட்டும் பெட்டியும் தங்கிய விடுதியிலேயே கிடந்தன. விபத்தாக இருக்கலாம் என்ற ஜப்பான் போலீசின் போக்கைக் குடும்பம் ஏற்கவில்லை. குற்றத்துக்கு ஆளானவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றாலே தன் நாட்டில் விசாரிக்கலாம் என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்வதால், அங்கேயும் ஒரு விசாரணை நடந்தது. அந்த வசதி நமக்கு இல்லாததால்தான் எஃப்.ஐ.ஆர். இவ்வளவு முக்கியமாகிறது.

எஃப்.ஐ.ஆர். கையில் வந்ததும் விசாரணை அதிகாரியிடம் இன்டர்போல் மஞ்சள் நோட்டீசுக்கு எழுதச் சொல்லுங்கள். காணாமல்போனவர்களுக்கானது அது. குடும்பம் நேரடியாகக் கேட்க முடியாது. மாநில போலீஸ் வழியாக டெல்லியில் சி.பி.ஐ.க்குப் போக வேண்டும், இந்தியாவில் இன்டர்போலின் பிரதிநிதி அதுதான். இதற்காகவே 2025 ஜனவரியில் ‘பாரத்போல்’ என்ற இணையதளத்தையும் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஸ்டேஷனில் அது பழக்கமில்லாமல் இருக்கலாம், எஸ்.பி. அலுவலகத்தில் கேளுங்கள். பெற்றோரின் டி.என்.ஏ. மாதிரியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரத்த சொந்தங்களின் டி.என்.ஏ.வை, உலகெங்கும் அடையாளம் தெரியாமல் கிடைத்த உடல்களோடு ஒப்பிட ‘ஐ-ஃபமிலியா’ என்ற தளத்தை இன்டர்போல் 2021 முதல் நடத்துகிறது. இதை வீட்டில் பேசுவது கொடுமைதான். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி தூதரகம். ‘என் தம்பியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்’ என்று எழுதினால் நீங்கள் வாங்கிய அந்த ஒருவரிப் பதில்தான் வரும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். பட்டாயா ஸ்டேஷனில் நண்பர்கள் சொன்னது நாட்குறிப்பில் பதிவானதா, அதன் எண் என்ன, விசாரணை அதிகாரி யார்? ஓட்டலின் சிசிடிவி பதிவு எடுத்து வைக்கப்பட்டதா? பாங்லாமுங் அரசு மருத்துவமனையிலும் மற்ற மருத்துவமனைகளிலும் அடையாளம் தெரியாத நோயாளி யாராவது இருக்கிறார்களா? பட்டாயாவில் விபத்து, நீரில் மூழ்கியவர் என்றால் முதலில் ஓடிப்போவது ‘சவாங் போரிபூன்’ என்ற மீட்புத் தொண்டு அமைப்பு. அந்த இரவும் அடுத்த நாட்களும் அவர்களிடம் என்ன பதிவு இருக்கிறது? குடிவரவுத் துறையின் காவலில் இந்தியர் யாராவது இருக்கிறார்களா?

இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். கைதாகியிருந்தால் தூதரகத்துக்குத் தகவல் வந்திருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவுப்படி, கைதானவர் கேட்டால்தான் தகவல் சொல்ல வேண்டும். பயந்துபோய் கேட்காமல் இருக்கலாம், கேட்கலாம் என்பதே தெரியாமலும் இருக்கலாம். உங்கள் தம்பியிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. ஆகவே தூதரகத்துக்குத் தகவல் வரவில்லை என்பதை வைத்து, காவலில் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். இரண்டு வாரம் போய்விட்டதால் இதுதான் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. ஓட்டலுக்கு நீங்களே மெயில் அனுப்புங்கள்: எங்களுக்குத் தர வேண்டாம், போலீஸ் கேட்கும்வரை அழிக்காமல் வையுங்கள், அது போதும். தாய்லாந்தின் சுற்றுலா போலீசை (அங்கே அழைப்பு எண் 1155) ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளலாம். நகல் அவர்களுக்கும் போகட்டும்.

இதையெல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதாத்’ இணையதளத்திலும் புகாராகப் பதிவுசெய்து எண் வாங்குங்கள். சென்னையில் இருக்கும் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் எழுதுங்கள்; மாநில அரசின் கடிதம் டெல்லிக்குப் போனால் எடை கூடும். எம்.பி.யின் கடிதமும் அப்படித்தான், கூச்சப்படாமல் கேளுங்கள். பதிலே வரவில்லை என்றால், வெளியுறவு அமைச்சகம் இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். சாதாரணமாக 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். அந்த வாசகத்தை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அப்புறம் கோர்ட். ஆட்கொணர்வு மனு போட்டால் ஆளைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு பட்டாயா போலீசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்ளூர் போலீசையும் மத்திய அரசையும் கட்டுப்படுத்தும். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, மஞ்சள் நோட்டீசுக்கு எழுதவில்லை, மனுவுக்குப் பதில் இல்லை என்று கையில் ஆதாரத்தோடு போனால், காலக்கெடு வைத்து உத்தரவு வாங்கலாம். அதற்கு அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் தபால் ரசீதும் தேதிவாரியாக ஒரு நோட்டில் இருக்க வேண்டும். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே குற்ற வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே குற்ற வழக்காக மாறினால் அந்த வழியில் ஆவணம் கேட்கலாம். மெதுவான வழி, இப்போதைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஊடகத்துக்குப் போகலாமா என்றும் யோசிப்பீர்கள். போகலாம், பலன் உண்டு. 2025 ஜனவரி தொடக்கத்தில் சீன நடிகர் வாங் ஷிங், படப்பிடிப்பு என்று நம்பி தாய்லாந்து வந்து, மியான்மர் எல்லையை ஒட்டிய மேசோட்டில் காணாமல்போனார். அவருடைய காதலி சமூக வலைத்தளத்தில் எழுதியது சீனா முழுக்கப் பரவியது. சில நாட்களிலேயே மியான்மரின் மியாவடியில் இருந்து மீட்டார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2000 ஜூலையில் டோக்கியோவில் காணாமல்போன லூசி பிளாக்மேன் என்ற பிரிட்டிஷ் பெண்ணுக்காக அவருடைய தந்தை ஓயாமல் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேரே ஜப்பான் பிரதமரிடம் பேசினார். போலீஸ் சுறுசுறுப்பானது, ஆனால் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உடல்தான் கிடைத்தது. ஊடகத்தால் போலீசை வேகப்படுத்த முடியும், அவ்வளவுதான்.

மேசோட் பெயரைச் சொன்னதால் இதையும் கேட்டுவிடுகிறேன். கிளம்புவதற்கு முன் தம்பி யாரிடமாவது வெளிநாட்டு வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று பேசிக்கொண்டிருந்தாரா? டெலிகிராமில் ஏஜென்ட் யாராவது? மியாவடியின் சைபர் மோசடி முகாம்களில் சிக்கிய 549 இந்தியர்களை 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் மேசோட் வழியாகக் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போனவர் விஷயத்தில் எனக்கு இது இரண்டாம் பட்சமாகத்தான் படுகிறது. இருந்தாலும் அவருடைய மெயிலும் லேப்டாப்பும் வீட்டில் இருந்தால் போலீசிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவருடைய சிம்மை ரத்து செய்யாதீர்கள், மாதாமாதம் ரீசார்ஜ் செய்யுங்கள். கார்டையும் முடக்க வேண்டாம். யாராவது பயன்படுத்தினால் அதுவே தடயம். கணக்கில் பெரிய தொகை இருந்தால் மட்டும் வங்கி மேலாளரிடம் பேசி முடிவெடுங்கள்.

குடும்பத்தில் ஒருவர் பாங்காக் போவது நல்லது என்பேன். நேரில் நிற்கும் உறவினருக்குக் கிடைக்கும் மரியாதை மெயிலுக்குக் கிடைக்காது. எஃப்.ஐ.ஆரை ஆங்கிலத்திலும் தாய்லாந்து மொழியிலும் மொழிபெயர்த்து, பாஸ்போர்ட் நகல், சமீபத்திய போட்டோக்களோடு போங்கள்; முதலில் தூதரகம், பிறகு பட்டாயா. சொந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். காணாமல்போனவர்களுக்காகவே வேலை செய்யும் ‘மிரர் ஃபவுண்டேஷன்’ என்ற தாய்லாந்துத் தொண்டு நிறுவனத்தையும் பாருங்கள். பாரிலும் தெருவிலும் நீங்களே விசாரிக்கக் கிளம்ப வேண்டாம், எல்லைப் பக்கம் போகவே வேண்டாம்.

போஸ்டர் வெளியானதும் போன்கள் வரும். தம்பி எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்பு என்பார்கள். கண்டுபிடித்துத் தருகிறேன், முன்பணம் கொடு என்று துப்பறிவாளரும் ஜோசியரும் வருவார்கள். உடம்பில் இருக்கும் ஏதாவது ஒரு தழும்பையோ, வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு செல்லப்பெயரையோ போஸ்டரில் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். யார் கூப்பிட்டாலும் முதலில் அதைக் கேளுங்கள். அழைப்பு எல்லாம் ஒரே எண்ணுக்கு வரட்டும், பதிவாகட்டும். அந்த போனை அம்மாவிடம் கொடுக்காதீர்கள்.