ஜாடியில் குறைக்கக் கூடாத உப்பு

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். முன்பு தோட்டத்தில் இருந்த காலத்தில் என் தாயார் போடும் மாங்காய் ஊறுகாய் ஓராண்டு ஆனாலும் கடித்தால் நறுக்கென்று இருக்கும். என் கணவருக்கு 61 வயது. இரத்த அழுத்தத்திற்காகப் பெரிண்டோபிரில், அம்லோடிபின் மாத்திரைகள் சாப்பிடுகிறார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால், அம்மாவின் கணக்கில் பாதி உப்புப் போட்டு ஊறுகாய் செய்தேன். மூன்றே வாரத்தில் மாங்காய் குழைந்து, மேலே வெள்ளையாக ஆடை படிந்துவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் குழையாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கணவருக்குப் பொய்ப்பல் என்பதால் டின் பட்டாணியும் டின் காளானும் அடிக்கடி வாங்குகிறேன். அவையும் குழைவாகத்தானே இருக்கின்றன, அவற்றில் சத்து ஏதும் மிஞ்சியிருக்குமா? என் ஊறுகாயைச் சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊறுகாயை ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். குழைந்தது மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆடையும் படிந்து காயும் குழைந்திருப்பதால் யோசிக்க இடமில்லை. அந்த வெள்ளை ஆடை, காற்றுப்படும் மேற்பரப்பில் வளரும் ஈஸ்ட்டும் பூஞ்சணமும் ஆகும். அவை மாங்காயின் புளிப்பையே உணவாகக் கொள்பவை. புளிப்புக் குறையக் குறைய, அதுவரை அந்த ஜாடியில் தலைகாட்ட முடியாதிருந்த வேறு கிருமிகளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஆடையைக் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுவது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்றுதான். ஆனால் காய் குழைந்துவிட்ட ஜாடியில் அதைச் செய்ய வேண்டாம்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. காரணம் நீங்கள் குறைத்த உப்புதான். அது எப்படி என்று புரிய, காயின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பச்சைக் காயைக் கடிக்கும்போது கேட்கும் நறுக்கென்ற ஓசைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அதன் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் நீர் நிரம்பி விறைத்திருப்பது ஒன்று; அந்த உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை மற்றொன்று. உப்பில் பிசறியவுடன் காயிலிருந்து நீர் கசிந்து வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே முதல் காரணம் எந்த ஊறுகாயிலும் சில மணி நேரத்திலேயே போய்விடும். அதன் பிறகு அந்த மாங்காய்த் துண்டு பல்லுக்கு எதிர்த்து நிற்பது பெரிதும் பெக்டினின் பலத்தால்தான்.

இந்தப் பெக்டினை வெட்டித் துண்டாக்கும் நொதிகளைப் பூஞ்சணங்களும் சில ஈஸ்ட்டுகளும் சுரக்கின்றன. உப்பு போதிய அளவு இருந்தால், கிருமிகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நீர் குறைந்து, அவை பெருக முடியாமல் போகிறது. ஆண்டுக்கணக்கில் வெளியில் வைத்திருக்கும் மாங்காய் ஊறுகாயில், வழக்கமாக, எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உப்பு இருக்கும். உங்கள் தாயார் உழக்கால் அளந்து போட்டது ருசிக்காக மட்டுமன்று, காவலுக்காகவும்தான். அதைப் பாதியாக்கியபோது காவலும் பாதியாகிவிட்டது.

உப்போடு வேறு இரண்டும் சேர்ந்திருக்கக்கூடும். தோட்டத்து வீட்டின் பின்புறம் நின்ற மரத்தில் காலையில் பறித்த காயை மதியத்திற்குள் நறுக்கி உப்பில் போட்டிருப்பார்கள். இன்று நமக்குச் சந்தையில் கிடைப்பது பறித்துச் சில நாளான காய். மாங்காய் பழுக்கத் தொடங்கும்போது தன் பெக்டினைத் தானே கரைக்கத் தொடங்கிவிடும், வெளித்தோல் பச்சையாகவே இருந்தாலும் கூட. நறுக்கும்போது கொட்டையைச் சுற்றிச் சதை மஞ்சளித்திருந்தால் அந்தக் காயை ஊறுகாய்க்கு எடுக்காமல் பச்சடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வெயில். உப்பிட்ட துண்டுகளை இரண்டு மூன்று நாள் காய வைப்பது நீரை மேலும் இழுக்கத்தான். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் ஆனால் மழை இறங்கிவிடும். காலையில் காய்ந்தது மாலையில் ஈரம் வாங்கிக்கொண்டால் காய வைத்த பலன் பாதியும் போய்விடுகிறது. என் சிறு வயதில், மேகம் கூடிய உடனே லயத்தின் தகரக் கூரையிலிருந்து முறத்தை இறக்குவதற்குப் பிள்ளைகளை விரட்டுவார்கள். அதை வீண் அலைக்கழிப்பு என்று நான் நினைத்ததுண்டு.

இனிச் சுண்ணாம்பு. பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் பெக்டின் இழைகளுக்கு இடையே பாலம்போல் பிணைந்து, பசையை இறுக்குகிறது. பூசணிக்காய் மிட்டாய் செய்பவர்கள் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பது இதற்காகத்தான். ஆனாலும் உங்கள் ஊறுகாய்க்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள், அதாவது புளிப்புக்கு நேர் எதிரானது. அது காயில் தங்கிவிட்டால் புளிப்பை முறித்துவிடும். புளிப்போ, ஊறுகாயில் உப்புக்கு அடுத்த காவல். உணவுத் தரத்துச் சுண்ணாம்பைப் பயன்படுத்தினால்கூட, ஊறவைத்த காயைக் கழுவி, புதிய தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடிப்பதை மூன்று முறை செய்த பிறகே ஊறுகாய் போட வேண்டும். வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பு அந்தத் தரத்தில் தயாரிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. அதோடு, காயை இறுக்குவதால் கிருமி சாகாது. உப்புக் குறைந்த ஜாடியில் சுண்ணாம்பைச் சேர்த்தால், காய் நறுக்கென்றே இருந்துகொண்டு உள்ளே கெட்டுப்போகலாம். குழைந்து கெட்டால் நமக்குத் தெரியவாவது தெரியும்.

ஆகவே பல்லுக்கு மொறுமொறுப்பாக இருப்பதை நல்ல தரத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உணவைத் துள்ளலாகவும் கடிபடும்படியாகவும் வைத்திருப்பதற்காகப் போரிக் அமிலத்தைச் சேர்க்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நம் நாட்டு உணவு விதிமுறைகள் அதை அனுமதிப்பதில்லை.

புளிப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மாங்காயில் தப்பும் தவறு வேறு காய்களில் தப்பாது. புளிப்பின் அளவைக் குறிக்கும் பி.எச். எண் (புளிப்புக் கூடக் கூட இது குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால், பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர முடியாது. மாங்காயும் எலுமிச்சையும் இயல்பாகவே அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன. பூண்டு, கேரட், பயற்றங்காய், காளான் ஆகியவை அப்படியல்ல. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டுக் குளிரில் வைக்காமல் இருந்த பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நச்சு ஏறியது. எண்ணெய் காற்றைத் தடுத்துப் பூஞ்சணத்தை நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் பாட்டுலிசக் கிருமி காற்றில்லாத இடத்தையே விரும்புவது. எனவே பூண்டு ஊறுகாய் போடுவதானால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தாராளமாக வேண்டும். சாப்பிட்ட ஓரிரு நாளில் பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக் திறக்கக் காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டின் பட்டாணி குழைவாக இருப்பதற்கும் இதே கிருமிதான் காரணம் என்றால் வியப்பாக இருக்கும். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. ஆகவே புளிப்பில்லாத காய்களை டின்னில் அடைத்து, அழுத்தத்தில் ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் உயிரணுச் சவ்வுகள் உடைந்து, பெக்டினும் கரைந்துவிடுகிறது. பெக்டின் புளிப்பில் மெதுவாகவும், புளிப்பற்ற நீரில் வேகமாகவும் கரையும் இயல்புடையது. காய் வெந்த பிறகே குழம்பில் புளியை ஊற்ற வேண்டும் என்றும், முன்பே ஊற்றினால் காய் வேகாது என்றும் நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆப்பச் சோடா போட்டால் காய் விரைவாகக் குழைவதும் இதன் மறுபக்கமே. சில டின்களின் மூலப்பொருள் பட்டியலில் 509 என்ற எண்ணைக் காணலாம். அது கால்சியம் குளோரைடு. சுண்ணாம்பின் இறுக்கும் குணத்தை, அதன் காரத்தன்மை இல்லாமல் தருவதற்காகச் சேர்க்கப்படுவது. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆகவே டின் காயின் குழைவு கெட்டுப்போனதன் அடையாளமன்று, வெந்ததன் அடையாளம். சத்தில் பெரிதும் இழப்பது நீரில் கரைந்து சூட்டில் அழியும் வைட்டமின் சி-யும், தயமின் போன்ற சில பி வைட்டமின்களும்தான். பொட்டாசியத்தில் ஒரு பகுதி டின் நீரில் இறங்கிவிடுகிறது. நார்ச்சத்தும் புரதமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கேரட்டின் கரோட்டினும் தக்காளியின் லைக்கோப்பினும் வெந்த பிறகு உடலில் இன்னும் எளிதாகச் சேர்கின்றன என்பதால், குழைந்தது எல்லாம் சத்திழந்தது என்று முடிவுகட்ட முடியாது. பொய்ப்பல் வைத்தவர், கடிக்க முடியவில்லை என்று காயையே ஒதுக்கிவிடுவதைவிட டின் பட்டாணி சாப்பிடுவது எவ்வளவோ மேல். ஆனால் உறைபதனப் பட்டாணி கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். அதைச் சில நிமிடம் மட்டும் கொதிநீர் காட்டி உறைய வைப்பதால் வைட்டமின் சி கூடுதலாக மிஞ்சுகிறது, பெரும்பாலும் உப்பும் சேர்க்கப்படுவதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் உருகி, மறுபடியும் உறைந்தால் மட்டும் பெரிய பனித்துகள்கள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். பிறகு சமைத்தால் நீர் கொட்டித் துவண்டு போகும். உப்பியிருக்கும் டின்னையும், திறக்கும்போது சீறிப் பீச்சும் டின்னையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் கணவரின் உப்புக் கணக்குக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. அது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உப்பு உண்பதாக 2017, 2018 ஆண்டுகளில் நடந்த ஆய்வு காட்டியது. பத்தில் ஒரு பங்கு உப்புள்ள ஊறுகாயில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் எடுத்தால், 1.5 கிராம் உப்பு உடலில் சேரும். நகத்தளவு, ஒரு 3 கிராம் துண்டு என்றால் 0.3 கிராம்தான். ஜாடியில் உப்பைப் பாதியாக்கி இரண்டு கரண்டி சாப்பிடுவதைவிட, சரியான உப்பில் போட்டு நகத்தளவு சாப்பிடுவது அவர் இரத்த அழுத்தத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. துண்டைப் பொடியாக அரிந்து போட்டால் அந்த நகத்தளவே ஒரு சாப்பாட்டுக்குப் போதும், பொய்ப்பல்லுக்கும் தொந்தரவு இல்லை. அன்றைக்குச் சாம்பாரில் ஒரு சிட்டிகை உப்பைக் குறைத்துவிடுங்கள்.

தினமும் தட்டில் புளிப்பாக ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்டால், அச்சார் பாணியில் குறைந்த உப்பில் செய்து தரலாம். வெள்ளரிக்காய், கேரட்டை நீளவாக்கில் அரிந்து, சிறிது உப்பில் அரை மணி நேரம் பிசறி வைத்து, அலசி, துணியில் இறுகப் பிழிந்து, வினிகரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இங்கே உப்பின் வேலை நீரை வெளியேற்றுவது மட்டுமே, காவல் வேலையை வினிகரும் குளிரும் பார்த்துக்கொள்கின்றன. வெள்ளரியின் பூ இருந்த முனையை ஒரு சிறு வட்டமாக வெட்டி எறிந்துவிடுங்கள். காயைக் குழைக்கும் நொதிகள் அங்கேதான் மிகுதி. ஒரு வாரத்துக்குள் தீரும் அளவுக்கே செய்யுங்கள், வெளியில் வைத்து விடாதீர்கள்.

டின் காய்களைப் பொறுத்தவரை, உப்பு நீரை வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசினால் சோடியத்தில் ஒரு பகுதி போய்விடும், ஆனால் முழுதும் போகாது. டின் மேல் மலாயில் நாட்ரியம் என்று அச்சிட்டிருந்தால் அதுவும் சோடியமே. 400 மில்லிகிராம் என்று கண்டால் 1 கிராம் உப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். உங்கள் கணவர் சாப்பிடும் பெரிண்டோபிரில் மாத்திரை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்கெனவே சற்று உயர்த்தக்கூடியது. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அது இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம். ஊறுகாயிலோ குழம்பிலோ அந்த உப்பைப் போடுவதற்கு முன்பாக, அவர் மாத்திரை வாங்கும் கிளினிக்கில் சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் பொட்டாசியத்துக்குமான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.