கொரியக் கஷாயத்தில் எடை குறையுமா?

கேள்வி: கணவர் வேலைக்காகக் கொரியாவில் சுவோன் நகரத்தில் இருக்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறேன். கொரிய வைத்தியம் பார்க்கும் ஹனுய்வோனில் மூன்று மாதக் கஷாயம் வாங்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வாங்கலாமா? சென்னையில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பலாமா?

பதில்: குறையும். முதல் சில வாரங்கள் பசியே எடுக்காது. உங்களுக்கு ‘தேயும்’ (Taeeum) உடல்வாகு என்பார்கள்; இது கொரியச் சொல், தமிழ்த் ‘தேய்தல்’ அல்ல. மனிதர்களின் உடல்வாகை நான்காகப் பிரித்து ஈ ஜே-மா என்ற கொரிய வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கில் அது ஒரு வகை. அந்த உடல்வாகுக்கான தேயும்ஜோவிதாங் கஷாயத்தில் செஸ்ட்நட், முள்ளங்கி விதை எல்லாம் போடுவார்கள். ஆனால் பசியை அடக்குவது முக்கியமாக மாஹ்வாங் என்கிற செடியின் தண்டு. அதில் எபிட்ரின் இருக்கிறது. பசியை அடக்குகிற அதே பொருள்தான் இதயத்தைப் படபடக்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாஹ்வாங் கலந்த சத்துப்பொருள்களை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. கொரியாவிலும் உணவில் சேர்க்க அனுமதி இல்லை. மருந்தாக மட்டுமே தரலாம்.

இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். பால் கொடுக்கிறீர்கள் என்றாலும் வேண்டாம்.

உங்கள் தைராய்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாத்திரை போடுகிறீர்கள் என்பதற்காகவே கஷாயம் கூடாது என்றில்லை. ஆனால் மாத்திரை அளவு சற்றுக் கூடியிருந்தாலே இதயம் வேகமாக ஓடும். அதன்மேல் எபிட்ரினும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. அதனால் முதலில் டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது சரியாக இருந்து, தைராய்டு டாக்டரும் சம்மதித்தால் மட்டும் யோசிக்கலாம். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். கஷாயத்தோடு சேர்த்து விழுங்காதீர்கள். டிஎஸ்ஹெச் குறைவாக இருந்தால், அதாவது மாத்திரை அளவு கூடியிருந்தால், அக்கா என்ன சொன்னாலும் கஷாயம் கூடாது. இன்னொன்று: எடை ஏறியதற்கே மாத்திரை அளவு போதாதது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் கஷாயத்துக்குத் தேவையே இல்லை.

ஹனுய்சாவிடம், அதாவது உரிமம் பெற்ற கொரிய வைத்தியரிடம், நேரில் நாடி காட்டி, ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு நாளைக்கு மாஹ்வாங் எத்தனை கிராம்? எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பொருள் பட்டியல் இருக்கிறது. லட்சக்கணக்கான வோன் வாங்கும் கஷாயப் பைகள் பலவற்றில் அது இல்லை. எடைக் குறைப்புக் கஷாயத்துக்குத் தேசிய காப்பீடும் கிடையாது, ஆளுக்கொரு விலை. இதை ஏன் இத்தனை காலமாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

முன்மேஜையில் உட்கார்ந்து மூன்று மாதப் பேக்கேஜைத் தள்ளுபடியில் தலையில் கட்டுகிறவரிடம் மாட்டாதீர்கள். முதலில் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் "மிச்சம் இருக்கு, பாதி விலை" என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். மருந்தை அப்படிக் கைமாற்றி விற்பது கொரியச் சட்டப்படி குற்றம். ‘மூலிகை’ என்ற பெயரில் விற்ற மெலிவு மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருந்து பிடிபட்டது பல நாடுகளில் நடந்திருக்கிறது. இதயத்தைப் பாதிக்கிறது என்று 2010இல் அமெரிக்காவிலும் கொரியாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

தங்கைக்கு அனுப்பவே கூடாது. வைத்தியர் பார்த்தது உங்கள் உடம்பை, அவர் உடம்பை அல்ல. அதோடு இந்தியாவில் எபிட்ரின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். சுங்கத்தில் பார்சல் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அவரையும் அங்கேயே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.