‘கூட’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரை திருநகரில் வசிக்கிறேன். சொந்த ஊர் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ‘ஒன்றிய அரசா, மத்திய அரசா’ என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தொடங்கிய பேச்சு முற்றி, தம்பி என்னைத் ‘துரோகி’ என்று எழுதிவிட்டான். ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் சின்ன வயதில் ஊரில் இப்படிப் பிரிவினை கிடையாது. எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம். காலனி ஆட்கள்கூடத் திருவிழாவுக்கு வந்து சாமி கும்பிட்டுப் போவார்கள். அரசியல்வாதிகளின் பேச்சுதான் மக்களைப் பிரிக்கிறதா, பிரிந்து கிடக்கிற மக்களின் பேச்சைத்தான் அவர்கள் பேசுகிறார்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கூடப் பிறந்தவனோடு ஏழு மாதம் பேசாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு தேர்தலை வைத்து நானும் என் அண்ணனும் இரண்டு தைப்பொங்கலைத் தனித்தனியாகக் கொண்டாடியிருக்கிறோம். அம்மா இரண்டு வீட்டுக்கும் நடந்தாள்.

ஒன்றியம், மத்தியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. 2021-க்குப் பிறகு அந்தச் சொல் ஒரு கட்சிக் கொடி மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். சொல்லுக்காகச் சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1965 ஜனவரி 25 அன்று மொழிக்காக மாணவர்கள் தெருவில் இறங்கி, மாநிலம் முழுக்கப் பரவிய போராட்டத்தின் தீ பற்றியது இதே மதுரையில்தான். தம்பி ‘துரோகி’ என்றது தப்பு. அதை அவனிடமே சொல்லுங்கள்.

என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமலே எழுதிய சொல். ‘காலனி ஆட்கள்கூட.’ எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்று எழுதிய கையோடு அடுத்த வரியிலேயே ‘கூட’ போடுகிறீர்களே, அந்த ‘எல்லாரும்’ யார்? நீங்கள் உங்கள் தெருவைச் சொல்லும்போது ‘எங்கள் தெருக்காரர்கள்கூட வந்தார்கள்’ என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள். வர வேண்டியவர்களுக்கு நாம் ‘கூட’ போடுவதில்லை. பிரிவினை இல்லாத காலம் என்று நீங்கள் சொல்வது, உங்களை யாரும் பிரித்துப் பேசாத காலம். கோபமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் கிராமம் உசிலம்பட்டிக்கு மேற்கே. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பங்குனிப் பொங்கல் நோட்டீஸை என்னை எழுதச் சொன்னார்கள். முடிவில் ‘இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மறுநாள் பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பையனிடம் பெருமையாகக் காட்டினேன். அந்தப் பொங்கலுக்குத் தமுக்கடித்துச் சொல்லி வந்தவரே அவன் அப்பாதான். முழுக்கப் படித்துவிட்டு, “இதுல நாங்க இருக்கமாடா?” என்றான்.

“நீங்களும் வரலாமே” என்றேன்.

“வரலாமான்னு கேக்கல. இருக்கமான்னு கேட்டேன்.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். தலைக்கட்டு வரி கட்டுகிறவர்கள்தான் ஊர் என்றார். அவர்களிடம் வரி கேட்டீர்களா என்றேன். “அதெப்படிரா போயிக் கேக்கிறது?” என்றார். அப்பா நல்ல மனிதர், யாரையும் ஏசிப் பேசியவர் இல்லை. அதனால்தான் அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது. நான் எழுதியதை மாற்றவில்லை. நோட்டீஸ் அப்படியே அச்சுக்குப் போனது.

‘ஊர்’ என்பதைவிடப் பெரிய அரசியல் சொல் நம் பக்கத்தில் கிடையாது. ‘ஊர் முடிவு’, ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று எத்தனை காரியம் அந்தச் சொல்லை வைத்து நடந்திருக்கிறது! பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை, பத்து வருடம், அங்கே முறையாக ஒருவர் தலைவராக உட்கார முடியவில்லை. உத்தப்புரத்தில் பட்டியல் சாதியினர் குடியிருப்பைப் பிரித்து எழுப்பியிருந்த ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தபோது, எதிர்த்தவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு உசிலம்பட்டி டீக்கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். “ஊரே வெளியேறிருச்சாம்” என்று ஒருவர் சொன்னார். ஊர் எங்கே வெளியேறியது? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அன்றும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். கடையில் இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் ‘கூட’ எந்த ஆவணத்திலும் இல்லை. அதை எந்த அரசாணையாலும் எடுக்க முடியாது.

சரி, உங்கள் கேள்வி. மேடையில் பேசுகிறவர் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. ‘நம்மாளு’, ‘அவனுங்க’ என்று நம் திண்ணையில் கிடப்பதை எடுத்து மைக்கில் சொல்கிறார். மைக்கில் கேட்டதும் நமக்குத் தைரியம் வந்துவிடுகிறது. முன்பு குரலைத் தாழ்த்திச் சொன்னதை இப்போது குடும்பக் குழுவில் எழுதுகிறோம்.

தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அவன் எடுக்காவிட்டால் நேரில் போங்கள், திருநகரிலிருந்து எவ்வளவு தூரம்! அப்புறம், அடுத்த முறை உங்கள் ஊர்ப் பொங்கல் நோட்டீஸ் அச்சடித்து வந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.