வீணாய்ப் போனவரா ஸ்டான்டன்?

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டனுக்கு 57 வயதில்தான் ‘பாரிஸ், டெக்ஸாஸ்’ படத்தில் கதாநாயகன் வேடம் கிடைத்தது. அதுவரை துணை வேடங்களில் அவர் திறமை வீணாய்ப் போனதுதானே? (திருச்சி வாசகர்)

பதில்: வீணா? எதை வீண் என்கிறீர்கள்? டேவிட் லிஞ்ச் 1999இல் எடுத்த ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’யைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பேச்சில்லாத சகோதரன் நோயில் விழுந்தான் என்று கேள்விப்பட்டு, ஒரு கிழவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குப் போகிறார். திரையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இந்தப் பயணம்தான். அந்தச் சகோதரன்தான் ஸ்டான்டன். கடைசிக் காட்சியில் மட்டுமே வருகிறார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து, “என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய்?” என்று கேட்கிறார். கண் கலங்குகிறது. அவ்வளவுதான் வேடம். அந்த முகம் பொய்த்திருந்தால் அத்தனை மைல் பயணமும் பொய்யாகியிருக்கும்! எந்தக் கதாநாயகனுக்கு இந்தப் பாரம்?

‘ஏலியன்’ படத்தில் பூனையைத் தேடிப் போகும் பிரெட்டும், விண்கலத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி, இவர்தான். மேலிருந்து சொட்டும் தண்ணீரை முகத்தில் ஏந்திக்கொண்டு ஒரு கணம் நிற்பார். சாகப்போகிறவன் உழைத்துக் களைத்தவன் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கும். தொலைக்காட்சியில் ‘பிக் லவ்’ தொடருக்கு வந்தபோது வயது 80ஐ நெருங்கிவிட்டது. தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ளும் ரோமன் கிராண்ட் வேடம். அதே மெலிந்த முகம், அதே தாழ்ந்த குரல். ஆனால் இப்போது பார்க்கவே பயமாக இருக்கும்.

இப்படிப்பட்டவர்களை முகம் தெரிந்தும் பெயர் தெரியாமல் வைத்திருப்பவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். படம் முடிந்த மறுநொடி பெயர்ப் பட்டியலை வெட்டிவிட்டு சோப்பு விளம்பரம் போடுகிறார்கள். இதை முன்பே எழுதினேன், ஒரு சேனல் அதிகாரி கோபித்துக்கொண்டு, “அதை யார் சார் படிக்கிறார்கள்?” என்று கடிதம் போட்டார். நான் படிக்கிறேன். என்னைப் போலப் பலர் படிக்கிறார்கள். தையல்காரர், ஒலிப்பதிவாளர், ஒரே காட்சியில் தேநீர் கொண்டுவந்த பெண் என எல்லாருக்கும் கூலியோடு சேர்ந்த உரிமை அது. பெயரை வெட்டுவது திருட்டு.

‘பாரிஸ், டெக்ஸாஸ்’ 1984இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. அதன் தொடக்கத்தில் நெடுநேரம் அவர் வாயே திறப்பதில்லை. பேச்சில்லாமல் திரையை நிறைக்கும் அந்தத் தைரியம், நீங்கள் வீண் என்று சொன்ன ஆண்டுகளில் சம்பாதித்தது.