தமிழ்ப் பக்கத்தில் மட்டும் எழுத்து ஏன் வெட்டுப்படுகிறது?

புதுச்சேரியில் தாங்கள் நடத்தும் விடுதியின் இணையதளம் ஆங்கிலத்தில் சீராகத் தெரிய, தமிழில் மட்டும் பொத்தான்களும் ஊர்ப் பெயர்களும் வெட்டுப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துருவின் மேல் பழி போட வேண்டாம்.

நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் 'புதுச்சேரி', எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொது முறையான யூனிகோடில் மெய்யுருவும் குறியும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் பத்துக் குறியீடுகளாகவும், யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 30 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. ஆகவே ஊர்ப் பெயரை எழுத்தாக எண்ணாமல் ஒன்பது குறியீட்டோடு நிறுத்தும் நிரல், கடைசி இகரக் குறியை உதிர்த்துவிட்டுப் 'புதுச்சேர' என்று காட்டும். இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே உள்ள 'இன்டல் செக்மென்டர்' (Intl.Segmenter) என்ற கருவி கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது; 2024 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது இயங்குகிறது.

பொத்தான் சிக்கல் எளிது. 'புக்' என்ற சிறு ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டியில் 'முன்பதிவு செய்க' எப்படி அடங்கும்? அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் பூட்டாமல், உள்ளடக்கத்துக்கேற்ப விரியவிட்டு, வரி உயரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்; 'கூ', 'மூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதி அப்போதுதான் தப்பும். பிரெஞ்சையும் தமிழையும் ஒரே தெருப்பலகையில் எழுதிப் பழகிய ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். வடிவமைப்பாளரிடம் முதல் மாதிரியையே தமிழ்ச் சொற்களை இட்டுக் காட்டும்படி கேளுங்கள்.