'தேசிய' அந்தஸ்து விலைக்குக் கிடைக்காது

கேள்வி: வினிப்பெக்கில் உள்ள கனடா மனித உரிமைகள் அருங்காட்சியகம் போல ஸ்காபரோவில் ஒன்று தொடங்க எங்கள் சங்கம் விரும்புகிறது. 'தேசிய' அந்தஸ்தும் நன்கொடையாளர்களுக்கு வரிப் பற்றுச்சீட்டு வழங்கும் அனுமதியும் எடுத்துத் தர ஓர் ஆலோசகர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 'தேசிய' அந்தஸ்துக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. நாடாளுமன்றம் அருங்காட்சியகங்கள் சட்டத்தைத் திருத்தினால்தான் உண்டு. வினிப்பெக்குக்கு அப்படித் திருத்தியது 2008இல். ஊடக அதிபர் இஸ்ரேல் ஆஸ்பர் அந்தத் திட்டத்தை 2003இல் அறிவித்து அதே ஆண்டில் காலமானார். கதவு திறந்தது 2014இல். செலவு 351 மில்லியன் டொலர். மத்திய அரசு முதலில் ஒப்புக்கொண்டது 100 மில்லியன்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஹாலிஃபக்ஸில் உள்ள குடிவரவு அருங்காட்சியகமான பியர் 21. 1999இல் சமூக அமைப்பாகத் திறந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் நடத்திக் காட்டிய பிறகே, 2010இல், சட்டம் அவர்களைத் தேடி வந்தது.

முதலில் இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனமாக மத்திய அரசில் பதியுங்கள். இணையவழிக் கட்டணம் 200 டொலர். குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். கணவன், மனைவி, மச்சான் என்று நிரப்பாதீர்கள்; பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உறவற்றவர்களாக இருக்கட்டும். அடுத்தது சி.ஆர்.ஏ. எனப்படும் கனடா வருமான முகமையிடம் அறக்கொடைப் பதிவு; பற்றுச்சீட்டு வழங்கும் அனுமதி அதோடுதான் வரும். அதற்குக் கட்டணமே இல்லை. அவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்தால் சனம் தரகரிடம் ஓடுவதில் வியப்பில்லை, அது வேறு கதை. நோக்கத்தை 'மனித உரிமைக்காக உழைத்தல்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். என்ன சேகரிப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள், என்ன கற்பிப்பீர்கள் என்று எழுதுங்கள்.

உண்மையான பொறி பற்றுச்சீட்டில் இருக்கிறது. 500 டொலருக்கு வாங்கிய பழைய ஆவணத்தை 5,000 டொலர் நன்கொடையாகக் காட்டலாம் என்று யாராவது காதில் ஓதுவார்கள். நன்கொடையாளர் வாங்கி மூன்று ஆண்டுக்குள் உங்களுக்குக் கொடுத்தால் பற்றுச்சீட்டில் வாங்கிய விலைக்கு மேல் போட முடியாது. கொடுப்பதற்கென்றே வாங்கியிருந்தால் பத்து ஆண்டு வரை இதே விதி. மீறினால் உங்கள் பதிவே பறிபோகலாம்.

இந்த விலை விதிக்கு விலக்கு ஒன்று உண்டு, அதைத்தான் தரகர்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள்: பண்பாட்டுச் சொத்து என மத்திய மீளாய்வுச் சபை சான்றளித்த பொருள். அது வரியைக் குறைப்பதற்கென்றே அமைத்த 'வரித் தங்குமிட' (tax shelter) நன்கொடைத் திட்டமொன்றின் வழியாக வந்திருந்தால் விலக்கு கிடையாது. சான்று கிடைக்க, பொருளைப் பெறும் நிறுவனம் கனடிய மரபுரிமை அமைச்சின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வெப்பம், ஈரப்பதம், தீத்தடுப்பு, பூட்டு எல்லாம் சோதிப்பார்கள். வாடகை மண்டபத்தின் பின்னறையில் வைத்துக்கொண்டு அந்த அங்கீகாரத்தைக் கேட்க முடியாது.