கதவில் ஒட்டிய நோட்டீசும் ஷெரீஃப் துறையும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள ஆர்ட்டீசியா நகருக்குக் குடிவந்த மூன்றாம் வாரமே பக்கத்து வீட்டுக் கதவில் ஷெரீஃப் பெயரில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, இந்த ஊருக்கென்று போலீஸ் கிடையாதா, ஷெரீஃப் என்பவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் ஒருகாலத்தில் ஷெரீஃப் என்பது பிரமுகர்களுக்கு அளிக்கப்பட்ட கௌரவப் பதவியாக இருந்ததால் நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பே.

இங்கே ஷெரீஃப், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) 88 நகரங்களில் 42 நகரங்கள், சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல், கட்டணம் செலுத்தி ஷெரீஃப் துறையிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருக்கின்றன. உங்களுக்கு அருகிலுள்ள லேக்வுட் 1954இல் தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டில் ஆர்ட்டீசியாவும் இருக்கிறது. ஆகவே குற்றம் நடந்து நீங்கள் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தால், காக்கிச் சட்டையும் பச்சைக் கால்சட்டையும் ஆறுமுனை நட்சத்திரமும் அணிந்த டெபுடிதான், அதாவது ஷெரீஃப் துறைக் காவலர்தான் வருவார்.

ரோந்து தவிர, கவுண்டிச் சிறைகளை நடத்துவதும் நீதிமன்றங்களுக்குக் காவல் நிற்பதும் இத்துறையின் வேலைகளே. கொலை வழக்குகளுக்கும் வெடிகுண்டுகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. என் மதிப்பில் உயர்ந்து நிற்பது மலைமீட்புப் பிரிவு. சான் கேப்ரியல் மலைகளில் வழி தவறியவர்களையும் சறுக்கி விழுந்தவர்களையும் தேடிச் செல்லும் குழுக்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். பள்ளத்தில் சிக்கியவரை 'ஏர் ரெஸ்க்யூ 5' ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கித் தூக்கிவருவார்கள்.

நீங்கள் பார்த்தது, குடியிருப்பவரை வெளியேற்றச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் பிரிவின் நோட்டீஸ். வீட்டைக் காலி செய்ய 5 நாள் அவகாசம் அதில் இருக்கும். எங்கள் குடியிருப்பில் ஒருமுறை அந்தக் கெடு முடிந்த காலையில், டெபுடிகள் இருவர் வாசலில் நிற்க, பூட்டுக்காரர் பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மா ரைஸ் குக்கரை இடுப்பில் அணைத்தபடி படிக்கட்டில் நின்றிருந்தார். அந்த டெபுடிகளிடம் முறையிட்டுப் பயனில்லை, ஏனெனில் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதே சட்டம் உங்களுக்கும் அரண்தான்: தீர்ப்பும் ஷெரீஃபும் இல்லாமல், வீட்டுக்காரர் தாமாகவே பூட்டை மாற்றவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கூடாது. என்றேனும் வெளியேற்ற வழக்கின் மனு உங்கள் கைக்கு நேரில் வந்தால், தயவுசெய்து அதை மேசையில் போட்டுவைக்காதீர்கள். 10 நீதிமன்ற வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாக்கல் செய்யுங்கள்.